இரண்டாவது வளைவில் என் வலது கால்

1

எங்கள் ஊர் கப்பல்துறையில் என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறதாம். வைத்தியலிங்கத்தாரின் மூத்த மகள் மலர் ஒஸ்ரேலியாவுக்குப் போய், நாற்பத்தாறு வயதில், கார் ரேஸ் ஓடுகிறாளாம். இதைக் கேள்விப்பட்டு என் பெரியம்மாவின் மகள் போனில் அழுதேவிட்டாள்.

"உனக்கு என்னடி குறை? புருசன் இருக்கு, பிள்ளை இருக்கு, வீடு இருக்கு. ஏன்டி இந்த வேலை?"

அவளுக்கு அன்று சரியான பதில் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் ஓட்டம் முடிந்து இறங்கியிருந்தேன், என் வாய் முழுக்க மண். ஆகவே அவளுக்கும், கதையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கதை உண்மைதான். ஒரேயொரு திருத்தம்: நான் ஓடுவது தார் ரோட்டில் அல்ல, மண்ணில்.

இந்த மாதத்தோடு நானும் மகளும் இங்கே வந்து பதினைந்து வருடம். அதைக் கொண்டாட வேண்டும் என்று இவர் (என் கணவர் தேவன், பழங்கள் பொதி செய்யும் கொட்டகை ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டுகிறார்) சீனச் சாப்பாட்டுக் கடையில் மேசை பிடித்து வைத்திருந்தார். நான் அந்த நேரம் காருக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கிடந்தேன். முன்பக்க ஷொக் அப்சோபர் இரண்டையும் கழற்றி, நிலத்தில் வைத்து, எதைப் பூட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சீனச் சாப்பாட்டை அவர் பொதியாகக் கட்டிக்கொண்டு வந்து, காருக்குக் கீழே நீட்டினார். கோபம் இருந்தது. ஆனாலும் கரண்டி வைக்க மறக்கவில்லை.

2

நான் காலையில் முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலை செய்கிறேன். அங்கே என்னோடு பாத்திரம் கழுவுகிறவள் ஜோன். என் வயதுதான். அவளுக்கு ஒரு பழைய கார் இருந்தது. உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கியெறிந்து, இரும்புக் குழாயால் கூடு கட்டி, ஒரேயொரு கதிரை மட்டும் வைத்த கார். இடுப்பு வலியால் அவளுக்கு ஓட ஏலாமல் போனது. "ஒருநாள் வந்து பார், பிடித்தால் நீ ஓட்டு, நான் காரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

நகரத்துக்கு வெளியே, கோதுமை வயல்களுக்கு நடுவில், முட்டை வடிவத்தில் ஒரு மண் வட்டம். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ச் சரளைக் கிறவல் ரோட்டை யாரோ வளைத்து, இரண்டு நுனியையும் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. நிறம்கூட அதே சிவப்பு.

முதல்நாள் வெறுமனே பழக்க ஓட்டம். வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போனது. ஜோன் கண்ணை மூடிக்கொண்டாளாம். என் கை மட்டும் பதறாமல், பின்பக்கம் வழுக்கிய அதே பக்கத்துக்கு ஸ்டியரிங்கைத் திருப்பியது. கார் சொன்னபடி கேட்டது. இறங்கியதும் ஜோனைக் கட்டிப்பிடித்தேன். சந்தோசத்தில்தான். இந்த நாட்டில் நான் முன்பே நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றை இவ்வளவு காலமும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது வழமையான கூத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று இந்த நாட்டுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகி, காரின் கதவிலும் ஏறிவிட்டது. ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவர் அதை ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாக உடைத்து விழுங்குகிறார். நான் சைக்கிள் பழகுவதையே விரும்பாத அப்பாவின் பெயர், சனிக்கிழமை தோறும் கோதுமை வயல் முழுக்கக் கேட்கிறது. "மண் வீதியில் ஓட்டிய அனுபவம் உண்டா" என்றும் ஒரு கேள்வி இருந்தது. "பள்ளிக்கூட வான்" என்று எழுதினேன். மண் வட்டத்தின் பொறுப்பாளர் அதை வாசித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பொறுப்பாளர்தான் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, மரியாதையாக, ஆனால் சுற்றிவளைக்காமல் சொன்னார்: நான் மூன்று தரம் சுழன்றிருக்கிறேன், அதில் இரண்டு தரம் பின்னால் வந்தவர்கள் என்னோடு மோதியிருக்கிறார்கள். சீசனின் கடைசிப் போட்டியிலும் அப்படி நடந்தால் லைசன்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

நான் தலையாட்டிவிட்டு வந்து காருக்குள் ஏறி இருந்தேன். அழவில்லை. அழுகிற வயது போய்விட்டது. ஆனால் ரேஸை விட்டுக்கொடுப்பதில்லை என்று அந்தக் கதிரையில் வைத்தே முடிவெடுத்தேன்.

3

அந்தப் பள்ளிக்கூட வானைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

ஒஸ்ரேலியாவுக்கு இவர் முதலில் வந்துவிட்டார். எங்களைக் கூப்பிட்டெடுக்க வருடக்கணக்காகும் என்று தெரிந்ததும், அண்ணாவின் பழைய வானை எடுத்து, கப்பல்துறையிலிருந்தும் உள்வீதிகளிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, சீனக்குடாவைத் தாண்டி, திருகோணமலை டவுண் பள்ளிக்கூடங்களுக்கு ஓட்டினேன். பொம்பிளை வான் ஓட்டுறாள் என்று முதல் கிழமை பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் கிழமை தங்கள் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டார்கள். கைக்குழந்தையாக இருந்த என் மகள் நிலா முன் கதிரையில், பெரிய பிள்ளை ஒன்றின் மடியில் வருவாள்.

மாரி தொடங்கினால் உள்வீதிக் கிறவல் சவர்க்காரம் மாதிரி. வான் பின்சக்கரத்தால் தள்ளுகிற வான். பின்பக்கம் பாரம் இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே மழை நாளில் இருக்கைகளை நான்தான் தீர்மானிப்பேன். பெரிய பிள்ளைகள் எல்லாம் பின்னுக்கு, சின்னதுகள் முன்னுக்கு. கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து வந்து சந்தியில் ஏறுகிற பரீதா டீச்சர் நல்ல உடம்புக்காரி. அவவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"டீச்சர், குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கடைசி சீற்றில இருந்தாத்தான் வான் ஏறும்."

"என்ன புள்ள, என்னை மண் மூட்டை எண்டு நினைச்சியா?" என்று கேட்டுவிட்டு, அவவே எழும்பிப் பின்னுக்குப் போய் இருந்தா. அதன் பிறகு மழை இருட்டினால் நான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. டீச்சரே பிள்ளைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, "இப்ப எடு" என்பா.

ஆனால் பாரத்தைப் பின்னுக்கு வைத்தால் மட்டும் போதாது. வளைவில் வான் கொஞ்சம் வழுக்கினால், பிள்ளைகள் எல்லாம் என்ன நடக்கிறது என்று பார்க்க ஒன்றாக முன்னுக்குப் பாய்வார்கள். பாரமும் அவர்களோடு முன்னுக்குப் பாயும், பின்பக்கம் லேசாகும், வான் இன்னும் வழுக்கும். "ஒருத்தரும் எழும்பக்கூடாது! சாய்ஞ்சு இருங்கோ!" என்று கத்துவேன். மெதுவாக அசைந்தால் ஒன்றும் நடக்காது. ஒரேயடியாக அசைந்தால்தான் வில்லங்கம்.

ஜோன் எனக்கு ஷொக் அப்சோபரைப் பற்றி விளங்கப்படுத்தத் தொடங்கியபோது, அது எனக்குப் பழைய விசயமாக இருந்ததற்கு இதுதான் காரணம். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் பாரம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எவ்வளவு வேகத்தில் போகும் என்பதைத்தான் ஷொக் அப்சோபர் தீர்மானிக்கிறது. வானில் அந்த வேலையை என் தொண்டை செய்தது.

4

ஊரில் நாங்கள் ஷொக் வாங்குவது குலுக்கம் குறையத்தான். நாலு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி வாங்குவோம். மண் ரேஸில் அப்படியில்லை. நாலு மூலைக்கும் நாலு குணம். அமுங்கும்போது ஓர் இறுக்கம், திரும்ப எழும்பும்போது வேறோர் இறுக்கம். மண் ஈரமாக இருக்கும்போது ஒன்று பொருந்தும். அதே மண் பின்னேரம் காய்ந்து, டயர்கள் தேய்த்துத் தேய்த்து மினுங்கத் தொடங்கியதும் அது சரிவராது. ஈர மண்ணுக்குக் கொஞ்சம் இறுக்கம். காய்ந்த மண்ணுக்கு மெத்தனம், அதாவது இளக்கம்: முன்பக்கம் லேசாக எழும்பி, பாரம் பின் சக்கரத்துக்குப் போய் உட்கார வேண்டும். பரீதா டீச்சர் கடைசி சீற்றில் போய் இருந்த மாதிரி.

இதையெல்லாம் நாங்கள் படித்தது அமெரிக்கர்கள் போட்ட வீடியோக்களில். அவர்கள் இடப்பக்கம் திரும்பி ஓடுகிறார்கள். இங்கே எங்கள் வகைக் கார்களில் டிரைவர் வலப்பக்கம். சுவர் இடப்பக்கம் வர, வலப்பக்கம் திரும்பி ஓடுகிறோம். ஆகவே அவர்கள் வலது என்றால் நாங்கள் இடது என்று மாற்றிப் பூட்ட வேண்டும். ஒருநாள் ஜோன் மாற்றிச் சொன்னதை நான் மறுபடி மாற்றி, எல்லாம் பழையபடி அமெரிக்காவுக்கே போய்விட்டது. அதுதான் என் முதல் சுழற்சி. அந்தப் பழியை நாங்கள் இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

இரண்டாவது தரம் சுழன்றபோது எல்லாம் சரியாகத்தான் பூட்டியிருந்தது. பிழை ஸ்டியரிங்கில் என்று நினைத்தோம். பழைய ஸ்டியரிங் பெட்டியில் கொஞ்சம் திருப்ப வேண்டுமென்றாலும் கை கையாய்ச் சுற்ற வேண்டும். வழுக்கலைப் பிடிக்கக் கை எட்டாது. அதைக் கழற்றிவிட்டு வேகமான பெட்டி ஒன்றைப் போட்டோம். சின்னதாய் அசைத்தாலே சக்கரம் திரும்பும். முன் சக்கரத்தின் சாய்வையும் கூட்டினோம். அப்போது கார் வழுக்கினால் ஸ்டியரிங் தானாகவே வழுக்கும் பக்கம் ஓடும்; நாம் இறுக்கிப் பிடிக்காமல் கைக்குள் ஓட விட்டால் போதும். அது எனக்குப் பிடித்துக்கொண்டது. ஈர மண்ணில் அழகாக ஓடினேன்.

மூன்றாவது தரமும் சுழன்றேன். மூன்று தரமும் ஒரே இடம். இரண்டாவது வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடம். அங்கே வேலிக்குள் ஒரு தகரப் பீப்பாவுக்குப் பக்கத்தில், பச்சை மழைச்சட்டை போட்ட ஒரு மனிதர் கொடியோடு நிற்பார். அவர் முதல் ஆளாக ஓடி வந்து, "சுகமா? அடிபட்டதா?" என்று கேட்டார். மூன்று தரமும் அவர்தான் கேட்டார்.

ஜோன் பின் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னாள். இவர் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். வைக்கவும் வைத்தார். நான் முன் ஷொக்கை மறுபடி கழற்றினேன். பதினைந்தாவது வருடச் சீனச் சாப்பாடு காருக்குக் கீழே வந்தது அன்றுதான்.

5

நிலாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. தூர நகரத்தில் படிக்கிறாள். அவள் கூப்பிடுவது குறைவு. கூப்பிட்டாலும் பாதி ஆங்கிலம், மீதி அவசரம். "சாப்பிட்டியா" என்று கேட்டால் சிரிக்கிறாள். வேறென்ன கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. பிள்ளை தூரமாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இங்கே எல்லாத் தாய்மாருக்கும் வேலை. அதை நான் பொறுமையாகச் செய்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். கோபம் வரும்.

ஜோன் வேலிக்கு வெளியே நின்று எடுத்த வீடியோவை, பேச ஒரு சாட்டாக இருக்கட்டும் என்று நிலாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். அது வழமையாக நடக்காத காரியம்.

"அம்மா, உங்கட ஷொக்கில பிழை இல்லை."

"உனக்கென்ன தெரியும்?"

"சத்தத்தைக் கேளுங்கோ. மற்றக் காரெல்லாம் அந்த இடத்தில சத்தம் கூடுது. உங்கட கார் மட்டும் சத்தம் குறையுது. ஒவ்வொரு ரவுண்டும். நீங்கள் அக்சிலேட்டரில இருந்து காலை எடுக்கிறீங்கள்."

"நான் ஏன் எடுக்கிறன்? எனக்கு அங்க பயமில்லை."

அவள் வீடியோவை மறுபடி ஓடவிட்டாள்; என் காரின் சத்தம் போனில் கேட்டது. பிறகு சொன்னாள்:

"அந்த பச்சைச் சட்டை மனுசன். பீப்பா. நீங்கள் எப்பவும் அப்படித்தான் அம்மா. ரோட்டு வேலை செய்யிற ஆளைக் கண்டாலும், ஸ்கூலுக்கு முன்னால பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடத்திவிடுற தாத்தாவைக் கண்டாலும், தூரத்திலயே காலை எடுத்துப்போட்டு, காருக்குள்ள லைட்டைப் போடுவீங்கள். பகல்லயும் போடுவீங்கள். என்ர பிரண்ட்ஸ் சிரிப்பாங்கள், எனக்கு வெக்கமா இருக்கும்."

நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவள் விடவில்லை.

"ஊரில அந்த வானுக்குள்ளயும் லைட் போடுவீங்கள் என்ன? உடன எல்லாரும் கதைக்காம இருப்பாங்கள். எனக்கு ஊரில அது மட்டும்தான் ஞாபகம்."

அவளுக்கு அந்த வானே ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி அவளிடம் நான் வாய் திறந்ததேயில்லை. மறக்க வேண்டிய விசயம், இவள் அறியாமலே வளரட்டும் என்று இருந்தேன்.

ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அது போர்க் காலம். கண்டி வீதியில் ஏறினால் இராணுவச் சோதனைச் சாவடி. மண் நிரப்பிய பீப்பாக்களைக் குறுக்கும் மறுக்குமாக வைத்திருப்பார்கள். தூரத்தில் பச்சைச் சட்டை தெரிந்தவுடன் காலை எடுக்க வேண்டும். பெரிய லைட்டைத் தணிக்க வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்க, உள் லைட்டைப் போட வேண்டும். மாரிக் காலத்து விடியற்காலை இருட்டிலும், மாலையில் டியூசன் முடிந்து வரும்போதும் அப்படித்தான். காலை எடுக்கப் பிந்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. பின்னால் இருந்தவை அத்தனையும் ஊரார் பிள்ளைகள். முன்னால் இருந்தது என் பிள்ளை.

கோழைத்தனத்தால் என் கால் எழும்பவில்லை. அந்தக் கால் அவ்வளவு பிள்ளைகளையும் ஒவ்வொரு நாளும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கால். அதை நான் திட்டமாட்டேன். ஆனால் போர் முடிந்துவிட்டது, கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்கள் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும் அல்லவா? அதைச் சொல்லித் தொலைப்பதென்று முடிவெடுத்தேன்.

"சனிக்கிழமை வரட்டா?" என்று கேட்டாள் நிலா.

"படிப்பு?"

"வாறன் அம்மா."

6

விசயத்தைக் கேட்டு ஜோன் அழுதாள். பிறகு, அந்த மனிதரை வேறு சட்டை போடச் சொல்லி, பீப்பாவையும் அகற்றச் சொல்லிப் பொறுப்பாளரிடம் கேட்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். இந்த நாட்டில் எத்தனை பச்சைச் சட்டை, எத்தனை பீப்பா! ஒவ்வொன்றாய் அகற்றிக்கொண்டு நான் போக ஏலாது.

ஆனால் பிடிவாதம் வேறு, விசர்ப்பைத்தியம் வேறு. என் பின்னால் வருகிறவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான். ஆகவே முதல் ஓட்டத்துக்கு மன்னிக்கிற ஷொக் போட்டேன். காலைத் திடீரென்று எடுத்தால் காரின் மூக்கு குனிந்து, பின்பக்கம் எழும்பி, லேசாகி, சுழலும். முன் ஷொக் அமுங்குவதற்கு இறுக்கமாகவும், பின் ஷொக் எழும்புவதற்கு இறுக்கமாகவும் இருந்தால் அது மெதுவாக நடக்கும். பிள்ளைகளைச் சாய்ந்து இருக்கச் சொன்ன மாதிரி. அதற்கு ஒரு விலை உண்டு: வளைவுக்குள் கார் மனமில்லாமல்தான் திரும்பும், சுவர்ப் பக்கமே இழுக்கும். ஸ்டியரிங் வேகமான பெட்டி என்பதால் சமாளிக்கலாம்.

முதல் ஓட்டம். இரண்டாவது வளைவு, பீப்பா, பச்சைச் சட்டை. நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன். கவனித்துக்கொண்டிருக்கும்போதே கால் எழும்பியது! கார் ஒருமுறை தலையாட்டிவிட்டு நேராகப் போனது. சுழலவில்லை. ஒவ்வொரு சுற்றும் அப்படியே. கடைசியாக வந்தேன்.

இறங்கியதும் நிலாவையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு, உள்வேலி வழியாக நடந்து இரண்டாவது வளைவுக்குப் போனேன். அந்த மனிதரின் பெயர் கெவினாம். ஓய்வு பெற்ற தபால்காரர். பக்கத்தில் பார்த்தால் காதில் கேட்கும் கருவி, மூக்கில் வெயில் களிம்பு. என் மூன்று சுழற்சியும் அவருக்கு மனப்பாடம்.

"நான் கொஞ்ச நேரம் உங்கள் இடத்தில் நிற்கலாமா?" என்று கேட்டேன்.

ஏன் என்று கேட்காமல் விலகி நின்றார். ரோல்ஸ் அவரை அந்த அளவுக்கு இளக்கியிருந்தது.

நான் பீப்பாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். என் வாழ்க்கையில் அந்தப் பக்கம் நின்றதேயில்லை. அங்கிருந்து பார்த்தால் கார்கள் முகத்துக்கு நேரே வந்தன. பயமாகத்தான் இருந்தது. பீப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் பீப்பா, உள்ளே குப்பை. நிலா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் சொன்னேன்: காலையில் எத்தனை பேர் வானில் ஏறுவார்கள், பரீதா டீச்சர் எங்கே இருப்பா, சாவடி தெரிந்ததும் வானுக்குள் எப்படிச் சத்தம் அடங்கும், தாண்டியதும் துறைமுகத் தண்ணீர் தெரியும்போது யார் முதலில் சிரிப்பது என்று. கார்ச் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. ஆனாலும் முழுவதையும் சொன்னேன். பதினைந்து வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு ரேஸ் வேலியில் நின்று கத்திச் சொன்னேன்.

இரண்டாவது ஓட்டத்தில் முதல் சுற்றில் மட்டும் கால் எழும்பியது. பிறகு, வளைவு வரும்போதே, "அது கெவின்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன். ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது! கால் அசையவில்லை.

கடைசி ஓட்டத்துக்கு முன் மண் காய்ந்து மினுங்கியது. ஜோன் இரண்டு சோடி முன் ஷொக்கையும் என் முன்னால் வைத்தாள். மன்னிக்கிற இறுக்கம் ஒன்று. மூக்கை எழும்பவிடுகிற மெத்தனம் மற்றது. மெத்தனத்தைப் போட்டால் கார் பறக்கும்; ஆனால் அந்த இடத்தில் காலை எடுத்தால் நிச்சயம் சுழலும். லைசன்ஸ் போகும்.

"இறுக்கத்தையே போடு, லைசன்ஸ் தப்பும். கடைசியாய் வந்தாலும் பரவாயில்லை" என்றாள் ஜோன். இவரும் தலையாட்டினார்.

"என்ன அம்மா?" என்றாள் நிலா.

"மெத்தனம்" என்றேன். "நட்டைப் பிடி."

அவள் பிடித்தாள். நான் இறுக்கினேன்.

சுற்றுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கொடி அசைந்தது, மண் எழும்பியது, முன்னால் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வளைவில் பின்பக்கம் வெளியே போனது. ஸ்டியரிங்கைக் கைக்குள் ஓட விட்டேன். புழுதிக்குள்ளிருந்து பீப்பா வந்தது, பச்சைச் சட்டை வந்தது. "கெவின்!" என்று கத்தினேன். காலை இன்னும் அமத்தினேன். மூக்கு நிமிர்ந்தது, பாரம் பின் சக்கரத்தில் போய்க் குந்தியது, கார் என்னை முதுகில் தள்ளிக்கொண்டு நேர்ப்பாதையில் ஓடியது. முழு பெற்றோலோடு அந்த இடத்தை நான் தாண்டியது அன்றுதான் முதல்முறை. ஒவ்வொரு சுற்றும் தாண்டினேன். ஒன்பதாவதாக வந்தேன். எனக்குப் பின்னால் மூன்று கார்கள் வந்தன. கப்பல்துறையில் எனக்கு முதல் பரிசு என்று கதை வந்தால் நம்பாதீர்கள், ஒன்பதாவது.

காலையில் என்னிடம் வாங்கி வைத்திருந்த லைசன்ஸைப் பொறுப்பாளர் என் கையில் திருப்பித் தந்தார். "பள்ளிக்கூட வான்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

7

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது. ரேஸ் காரை இழுத்துக்கொண்டு இவரும் ஜோனும் முன்னால் போனார்கள். நிலாவின் சின்னக் காரில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். என் முகம் முழுக்கச் சிவப்பு மண், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வட்டம்.

நகரத்துக்குள் நுழையும் இடத்தில் குடிபோதைக்கு ஊதச் சொல்லிப் பார்க்கும் பொலிஸ். கூம்புகளை வரிசையாக வைத்து, ஒருவர் டோர்ச் லைட்டை ஆட்டி எங்களை ஓரம் கட்டச் சொன்னார். ஓட்டாமல் இருந்தபோதும் என் வலது கால் தானாக எழும்பியது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். ஒருநாளில் எல்லாம் போய்விடும் என்று யார் சொன்னது?

நிலா வேகத்தைக் குறைத்தாள். பெரிய லைட்டைத் தணித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, கையை உயர்த்தி, உள் லைட்டைப் போட்டாள்.

கண்ணாடியை இறக்கியதும் அந்தப் பொலிஸ்காரர் குனிந்தார். சின்ன வயது.

"உள்ளே ஏதாவது தேடுகிறீர்களா?" என்று லைட்டைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை" என்றாள் நிலா. "நீங்கள் எங்களை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று போட்டேன். இது என் அம்மா. இன்று ரேஸ் ஓடினா. ஒன்பதாவது."

அவளுடைய குரலில் வெட்கம் ஒரு பொட்டும் இல்லை.

அவர் எனது மண் படிந்த முகத்தை உற்றுப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. வடிவாகப் பார்க்கட்டும் என்று அந்த வெளிச்சத்தில் நிமிர்ந்து இருந்தேன்.